கிழியாத இடத்தில் ஒட்டு

கலாதேவி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். துளசிக்கு நன்றாகவே கேட்டது. கேட்காதவள் போல இன்னும் ஒரு சாண் தைத்து முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் தையல் மெஷினை விட்டு எழுந்தாள். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் காலை பத்து மணி வெயில் மண்டையைப் பிளக்கும். பிளக்கட்டும் என்று அவள் நினைத்ததாகச் சொன்னால் அது கொஞ்சம் அநியாயம். நாத்தனாரை வெயிலில் காயப் போடுகிற அளவுக்கு அவள் மோசமானவள் இல்லை. கேட்டைத் திறப்பதற்கு முன் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. துப்பட்டாவை எடுத்து வயிற்றைச் சுற்றி மூடினாள். ஏழு மாத வயிறு ஒரு துப்பட்டாவுக்குள் அடங்குமா? அடங்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையைச் சுருட்டி வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பூட்டுச் சாவியோடு வெளியே போனாள்.

அவள் மறைத்தது கலாதேவியின் கையிடமிருந்து.

துளசிக்கு இது மூன்றாவது பிள்ளை. முதலாவது நாலாம் மாதத்தில் கலைந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் கலாதேவி சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பை மாம்பழத்தோடு வந்து, "எங்க, என் மருமவனக் காட்டு பாப்போம்" என்று வயிற்றில் கை வைத்தாள். இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது. அதற்குப் பத்து நாள் முன்னால் அதே கலாதேவி, அதே கை. டாக்டர் இரண்டு தடவையும் பொறுமையாகக் காரணம் சொன்னார். துளசி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மனசுக்குள் அவள் எண்ணிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஒன்பது நாளையும் பத்து நாளையும்தான். கல்யாணமே ஆகாத, நாற்பத்தெட்டு வயதாகிற ஒருத்திக்கு இன்னொருத்தி வயிற்றைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கைக் கணவன் சுரேனிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். "அக்கா என்னயத் தூக்கி வளத்தவ லா. அம்மா தோட்டத்துல ரப்பர் பால் வெட்டப் போயிரும், இவதான் எனக்குச் சோறு ஊட்டும்" என்றான் அவன். மூன்று நாள் அவளோடு பேசவும் இல்லை.

கலாதேவி மோட்டாரிலிருந்து ஒரு பெரிய துணிப்பையை இறக்கினாள். சர்க்கரை வியாதியால் பார்வை மங்கி, கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

"அம்மாவோட சேலை. அஞ்சு இருக்கு. பெட்டியில கெடந்து வீணாப் போவுது. நீதான் பழச வெட்டிப் புதுசாக்குறவளாச்சே. வளைகாப்புக்கு ஒரு கவுன் தைச்சுக்க. மிச்சத்தத் தொட்டிலுக்குக் கட்டிக்கலாம்."

"எதுக்குக்கா? என்கிட்டயே துணி நெறைய இருக்கு."

"இருக்கட்டுமே. மாமியா சேலை உனக்கு இல்லாம யாருக்கு?" கலாதேவி பையைக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையை ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தினாள். துளசி சுருட்டிய சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கை கீழே இறங்கியது. "தைக்கிறதுக்கு முந்தி எல்லாத்தயும் நல்லாப் பிரிச்சிரு. ஃபால்ஸு, ஓரம், முந்தானை மடிப்பு. ஒண்ணு விடாத."

உள்ளே வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். பத்து நிமிஷத்தில் போய்விட்டாள். போன பிறகு துளசி கேட்டைப் பூட்டினாள். பையை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. பின்கட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

துளசியின் பிழைப்பே பழைய துணிதான். ஈப்போவில் அப்துல் நாசர் பாயின் பண்டல் கடையில் ஜப்பான், கொரியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் உடுப்புகளையும், கைமாறி வரும் சேலைகளையும் பொறுக்கி வாங்கி வருவாள். கோட்டைப் பிரித்துப் பைகள் தைப்பாள். சேலையை வெட்டிச் சிறு பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைப்பாள். போனில் படம் போட்டால் தீபாவளி நேரத்தில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். இந்தச் சட்டைக்காரன் இடது கைக்காரன், இந்தப் பாவாடைக்காரி மூட்டு வலிக்காரி, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்திருப்பாள், இந்தக் கவுனை உடுத்தியவள் கடைசி ஆறு மாதத்தில் நன்றாக இளைத்திருக்கிறாள் என்பாள். "மனுசன் சொல்றத நம்பமாட்டேன், துணி சொல்றத நம்புவேன்" என்பது அவள் வாயிலிருந்து அடிக்கடி வரும் வசனம். அந்த வசனத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மறுநாள் மத்தியானமே கலாதேவி போன் செய்தாள்.

"பிரிச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"சரி சரி, மெதுவாப் பிரி."

திங்கட்கிழமை மறுபடி. "பிரிச்சியா? எதுனா ஆம்புட்டுச்சா?"

துளசிக்குச் சுரீரென்றது. "என்ன ஆம்புடணும்?"

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு, "ஒண்ணுமில்ல லா. பழைய சேலை. ஊசி கீசி இருக்கும், கையில குத்திக்கப் போற" என்றாள் கலாதேவி.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் துளசிக்கு இன்னும் உறுத்தியது. இரண்டு வருஷமாக வாரத்துக்கு ஒரு முறை கூடப் பேசாதவள் இப்போது நாளுக்கு ஒரு போன் போடுகிறாள். ஊசியைப் பற்றித் திடீர் அக்கறை. சுரேனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "புள்ளத்தாச்சிகிட்ட அக்கறையா பேசுனா அதுவும் குத்தமா?" என்றான்.

புதன்கிழமை பொறுக்க முடியாமல் பையைத் திறந்தாள். முதலாவது ஒரு பச்சைச் சேலை, இரண்டாவது ஊதா. ஃபால்ஸைப் பிரித்தாள், ஓரத்தைப் பிரித்தாள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மூன்றாவது அரக்குக் கலர் பட்டு. கல்யாணப் பட்டாகத்தான் இருக்க வேண்டும், ஜரிகைக் கரை ஒரு சாண் அகலம். கரையின் உள்பக்கம் விரலை ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். முந்தானைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சதுர ஒட்டு. அதே அரக்குத் துணியில், நான்கு பக்கமும் கையால் நுணுக்கி நுணுக்கித் தைத்திருந்தது.

ஒட்டுப் போடுவது அதிசயம் இல்லை. சேலையைத் திருப்பிப் பார்த்தாள். வெளிப்பக்கத்தில் கிழிசல் இல்லை, பூச்சி அரித்த துளை இல்லை, கறை கூட இல்லை. கிழியாத இடத்தில் எவளாவது மெனக்கெட்டு ஒட்டுப் போடுவாளா?

அழுத்திப் பார்த்தாள். உள்ளே உளுந்து போல ஏதோ நெருடியது.

தையலைப் பார்த்தாள். அங்கேதான் அவளுடைய தொழில் அவளைக் கவிழ்த்தது. சேலையின் மற்ற நூல்கள் எல்லாம் பழுத்து மங்கியிருக்க, இந்தத் தையல் நூல் மட்டும் பளபளவென்று கறுப்பாக மின்னியது. ஐம்பது வருஷத்துச் சேலையில் மங்காத நூலா? நேற்றோ அதற்கு முந்தின நாளோ தைத்த நூல் இது என்று முடிவு கட்டினாள். மாமியார் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பெட்டி இருக்கிற வீட்டில் கலாதேவியைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்தாள். ஒட்டு கழன்றதும் மஞ்சள் துணித் துண்டு ஒன்று மடியில் விழுந்தது. முள்ளின் நுனியாலேயே அதை விலக்கினாள். உள்ளே காய்ந்து கறுத்துச் சுருண்ட ஏதோ ஒன்று, வற்றல் மிளகாயின் காம்பு அளவுக்கு. அதோடு நூலால் கட்டிய ஒரு சிட்டிகை முடி. மெல்லிய, கறுத்த, மனுஷ முடி.

துளசி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை உள்ளே ஒரு தடவை புரண்டது. பயத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

பக்கத்து வீட்டு மங்களத்துக்குத் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அதற்கு ஒரு பரிகாரம் தெரியும். பின்வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தவள், துளசி குச்சியால் தள்ளிக் காட்டியதைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினாள்.

"அடியாத்தி. இது வச்சதுதான். முடி வேற இருக்கே. தொட்டியா?"

"இல்லக்கா. முள்ளாலதான் தள்ளுனேன்."

"யாரு கொடுத்த சேலை?"

துளசி சொன்னாள். மங்களம் கன்னத்தில் கை வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற வித்தை அவளுக்குக் கைவந்தது.

"தூக்கிப் போட்டா போதுமாக்கா?"

"தூக்கிப் போட்டா அது இங்கதான் சுத்தும். நாளைக்கு வெளக்கு வைக்கிற நேரத்துல பின்சந்து முனைக்குக் கொண்டு போ. சூடம் ஏத்து. செஞ்சவங்க பேர மூணு தடவ சொல்லிக் கொளுத்திரு. அனுப்புனவங்களுக்கே திரும்பிப் போயிரும்."

"அவங்களுக்கு எதுனா ஆயிருமா?"

"அவங்க உன் புள்ளையப் பத்தி யோசிச்சாங்களா?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. சுரேனிடம் அவள் மூச்சு விடவில்லை. அக்கா என்றால் உருகுகிறவனிடம் எதைச் சொல்ல?

வியாழக்கிழமை சாயங்காலம் சுரேன் ராத்திரி ஷிப்டு வேலைக்குப் போன பிறகு, மூன்று சந்துகள் கூடுகிற மூலைக்குப் போனாள். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழைய பால் டின் மூடியில் அந்த மஞ்சள் பொட்டலத்தை வைத்துச் சூடம் ஏற்றினாள். முதல் தடவை பெயரைச் சொன்னபோது குரல் எழவில்லை. இரண்டாவது தடவை உதடு அசைந்தது. மூன்றாவது தடவை, போன இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு, வாய் நிறையச் சொன்னாள். "கலாதேவி." முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. அந்தக் கறுப்புச் சுருள் மட்டும் சீக்கிரம் எரியாமல் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. பிறகு அதுவும் கருகிச் சாம்பலானது. வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணீரில் குளித்தாள். அன்றைக்குக் குழந்தை நன்றாக உதைத்தது. நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை சுரேன் போனும் கையுமாக வந்தான்.

"அக்கா மோட்டார்லேர்ந்து விழுந்திருச்சு. ஈப்போ டவுன்ல, மழையில சறுக்கிட்டாம். வலது கை மணிக்கட்டு பிசகிருச்சு, கட்டுப் போட்டிருக்காங்க."

துளசி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வலது கை. வயிற்றில் வைத்த அதே கை. பயமாக இருந்தது, கூடவே நான் நினைத்தது சரிதான் என்கிற ஒரு குரூரமான திருப்தியும் இருந்தது. தன் மேலேயே வெட்கமாக இருந்தாலும் அந்தத் திருப்தியை அவளால் தள்ளிவிட முடியவில்லை.

"ஈப்போவுக்கு எதுக்கு வந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. கேட்டா சொல்லல."

சனிக்கிழமை, வளைகாப்புக்கு முந்தின நாள், கலாதேவி வந்தாள். இந்த முறை ஹாரன் இல்லை. பஸ்ஸில் வந்து, முனையிலிருந்து நடந்து, கேட் கம்பியில் இடது கையால் தட்டினாள். வலது கை முழங்கை வரை வெள்ளைக் கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது. சுரேன் நாளைக்கு வேண்டிய சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். துளசி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். பிறகு திறந்தாள். திறந்த கையோடு பழக்கத்தில் மறுபடி பூட்டினாள்.

"எங்க, சேலையெல்லாம்?" உட்காருவதற்கு முன்பே கலாதேவி கேட்டாள்.

"பின்னால இருக்கு."

"பிரிச்சியா?"

"மூணு பிரிச்சேன்."

"ஆம்புடலயா?"

இப்போது துளசிக்குக் கோபம் வந்தது. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்து, வைத்தது வேலை செய்கிறதா என்று வீட்டுக்குள் உட்கார்ந்து விசாரிக்கிறாளே. "என்னக்கா ஆம்புடணும்? வந்த நாளேர்ந்து அதையே கேக்குறீங்க. என்னதான் வச்சீங்க உள்ள?"

"நான் எங்க வச்சேன்? அம்மா வச்சது." கலாதேவி தோளில் மாட்டியிருந்த பையை மடியில் வைத்து, இடது கையால் தடுமாறித் திறந்தாள். சிவப்புக் காகிதத்தில் மடித்த சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தாள். பெட்டிக்குள் ஒரு வெள்ளித் தாயத்து இருந்தது. சுண்டு விரல் நீளம்கூட இல்லாத புதுக் குப்பி, ஒரு பக்கம் மூடியில்லாமல் திறந்திருந்தது. "இத எடுக்கத்தான் நேத்து டவுனுக்கு வந்தேன். வந்த எடத்துல இப்படி ஆச்சு. உள்ள போட்டப்புறம் கொண்டா, மூடித் தாரேன்னு பத்தர் சொன்னாரு."

துளசி குனிந்து குப்பிக்குள் பார்த்தாள். "உள்ள எத?"

"சுரேனோட தொப்புள் கொடி." கலாதேவி சாதாரணமாகச் சொன்னாள். "அவனுக்கு முன்னாடி அம்மாவுக்கு ரெண்டு தங்கல. எனக்குப் பதிமூணு வயசு, தோட்டத்து லயத்து வீட்டுல அம்மா படுத்துக் கெடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கு. மூணாவது இவன். இவந்தான் தங்குனான். அதுனால கொடி விழுந்ததும் அம்மா அத எடுத்து, மொத முடியும் கொஞ்சம் சேத்து, எதோ ஒரு சேலையில வச்சுத் தைச்சிருச்சு. தாயத்து செய்யக் காசு ஏது அப்ப? சாவுறதுக்கு முந்தி, 'தங்குன புள்ளையோட கொடி, சேலையில இருக்கு, அவன் பொண்டாட்டிகிட்டக் கொடு'ன்னுச்சு. எந்தச் சேலைன்னு சொல்லத் தெளிவு இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மொத தடவ எனக்கு நெனப்பே இல்ல. ரெண்டாவது தடவ நெனப்பு வந்து பெட்டியக் கொடஞ்சேன், இந்தக் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. இந்தத் தடவ..." கலாதேவி கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். "நான் வந்தா வயித்த மறைக்கிற. எனக்குக் கண்ணுதான் மங்கல், ஒரேயடியாத் தெரியாமப் போயிரல. நான் கொடுக்குறேன்னு சொன்னா வாங்குவியா? அதான், நீ தைக்கிறவ, உன் கையிலதான் ஆம்புடும், ஆம்புட்டதும் தாயத்துல போட்டு வளைகாப்புல கட்டிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

துளசி அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு பிரிக்கலக்கா. அதுல இருக்கும்" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

"கொண்டா. நானும் பாக்குறேன்."

பையைக் கொண்டுவந்து வைத்தாள். கலாதேவி நாலாவது சேலையை மடியில் பரப்பி, கட்டுப் போட்ட கையால் அதை அமுக்கிக்கொண்டு, இடது கையால் தையல் முள்ளைப் பிடித்து ஃபால்ஸைப் பிரிக்கத் தொடங்கினாள். பழக்கமில்லாத கை. ஒரு தையல் அறுவதற்குள் இரண்டு தடவை முள் வழுக்கியது. மூக்குத் துணியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஒரு சாண் பிரிக்க ஐந்து நிமிஷம் ஆனது. "இதுல இல்ல போல" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த சாணுக்குப் போனாள்.

பையிலிருந்து அரக்குப் பட்டின் கரை வெளியே சரிந்து கிடந்தது. ஒட்டுப் பிரித்த இடம் மேலே தெரிந்தது. துளசி அதைப் பார்த்தாள். சேலை முழுக்கச் சாயம் வெளிறிப் பழுத்திருக்க, அந்தச் சதுரம் மட்டும் நேற்றுத் தறியிலிருந்து இறக்கியது போல ஆழ்ந்த அரக்காக இருந்தது. ஒட்டு அந்த இடத்தை எத்தனை வருஷமாக மூடி வைத்திருந்தால் அப்படி இருக்கும்? முப்பது வருஷமா, முப்பத்தைந்து வருஷமா? புதன்கிழமையே அது அவள் கண் முன்னால்தான் இருந்தது. மின்னிய நூல் நைலான் நூல், செருப்புத் தைக்கிற நூல். அது எந்தக் காலத்திலும் மங்காது. தினமும் நைலானில் புழங்குகிற அவளுக்குத் தெரியாத விஷயமா அது? துணி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டவள் அவள்தான்.

கலாதேவி இன்னும் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் சேலையில் சொட்டியது. அழுகை இல்லை, கூர்ந்து பார்த்ததால் வழிந்த தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் துளசியால் முடியவில்லை. முள்ளை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"தேடாதீங்கக்கா."

"என்ன?"

"இருந்துச்சு. மூணாவது சேலையில. நான்... வேற என்னமோன்னு நெனச்சுட்டேன். யாரோ வச்சதுன்னு. எரிச்சிட்டேன்க்கா."

கலாதேவி மடியிலிருந்த சேலையை மெதுவாக மடித்தாள். ஒரு கையால் மடித்ததால் மடிப்பு கோணலாக வந்தது.

"எங்க எரிச்ச?"

"சந்து முனையில. சூடம் ஏத்தி."

சூடம் ஏற்றிச் சந்து முனையில் கொளுத்துவது எதற்கு என்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் நிமிர்ந்து துளசியின் முகத்தைப் பார்த்தாள்.

"என் பேரச் சொல்லியா?"

துளசி அழ ஆரம்பித்தாள். "ஆமாக்கா."

"என்னைக்கு?"

"வியாழக்கெழம."

கலாதேவி குனிந்து தன் வலது கைக் கட்டைப் பார்த்தாள். "நான் வெள்ளிக்கெழமதான் விழுந்தேன்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அவளும் அதையெல்லாம் நம்புகிறவள்தான். அவள் நம்பியதுதான் துளசிக்கு எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது.

எழுந்தாள். கலாதேவி வெள்ளித் தாயத்தைப் பெட்டியோடு தையல் மெஷின் பலகையில் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். பொறக்குற புள்ளையோட கொடிய அதுல போட்டுக்க. கட்டுறதுக்கு அத்தை வேணும்னு ஆள் அனுப்பாத. நாளைக்கும் நான் வரல. சுரேன்கிட்ட கை வலின்னு சொல்லிரு. மத்தத எதையும் அவன்கிட்டச் சொல்லாத, தாங்கமாட்டான்."

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். கேட் பூட்டியிருந்தது. திரும்பிப் பார்த்து நின்றாள். துளசி சாவியோடு பின்னாலேயே வந்தாள். துப்பட்டாவைத் தோளிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். வயிறு மறைப்பில்லாமல் முன்னால் நின்றது.

"கை வைங்கக்கா."

"வேணாம் துளசி. நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் கையத்தான் சொல்லுவ."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தால் அதைத் தானே நம்புவோமா என்று துளசிக்குத் தெரியவில்லை. சாவியை மட்டும் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"வச்சாத்தான் கேட்டத் தெறப்பேன்."

"பஸ்ஸு போயிரும்."

"போவட்டும்."

கலாதேவி பூட்டைப் பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கினாள். துளசி தலையை ஆட்டினாள். கழுத்திலிருந்து தொங்கிய வலது கையைத் தானே பிடித்து, வலிக்காமல் தூக்கி, வயிற்றின் மேல் கொண்டுவந்து வைத்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் முதலில் விறைத்து நின்றன, அப்புறம் மெதுவாகப் படிந்தன. காலையிலிருந்து ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த குழந்தை அந்த நேரம் பார்த்து அசையாமல் கிடந்தது. இருவரும் கேட்டை ஒட்டி வெயிலில் நின்று காத்திருந்தார்கள்.